சலிப்பும் அசதியும் ஒரே டப்பாவில்: குவால்கோடரோடு ஓராண்டு

பத்தொன்பதாவது நேர்காணலின் எழுத்துப்படியில்தான் மாட்டிக்கொண்டேன். இரவுப் பணி பார்க்கிறவர்களைப் பற்றிய ஆய்வு, மொத்தம் 27 பேர்: செவிலியர்கள், காவலாளிகள், அழைப்பு மையத்தில் இருப்பவர்கள். இந்த அக்கா செவிலியர். "ரொம்பக் களைப்பா இருக்குமா அக்கா?" என்று நான் கேட்டதற்கு, "அசதியெல்லாம் தூங்கி எழுந்தா போயிடும் தம்பி, இது சலிப்பு" என்றார். நேரில் கேட்டபோது எனக்கு அது உறைக்கவே இல்லை, தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். எழுத்தில் பார்த்ததும் உறைத்தது. ஏனென்றால் அதற்குள் 18 நேர்காணல்களில் அசதி, அலுப்பு, சோர்வு, சலிப்பு என்று யார் எதைச் சொன்னாலும் எல்லாவற்றையும் 'களைப்பு' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடியிருந்தேன். 163 பகுதிகள்.

நேர்காணல்களை இப்படிப் பகுதி பகுதியாகப் பெயரிட்டுப் படிக்க உதவும் மென்பொருள்களில் ஒன்று குவால்கோடர், ஓராண்டாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். இந்த மாதிரி ஒரு நாளில் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன். வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு பெயர் கொடுப்பது எல்லாக் கருவியிலும் சுலபம். இரண்டு பெயர்களைச் சேர்த்து ஒன்றாக்குவதும் சுலபம். ஒன்றை மூன்றாகப் பிரிப்பதுதான் பாடு. அதை எந்தப் பொத்தானும் செய்து தராது, 163 பகுதிகளையும் திரும்பப் படிக்க வேண்டும், ஒவ்வொன்றும் யார் பேசியது, எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது, அதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று பார்க்க வேண்டும், பார்த்த கையோடு அங்கேயே இடம் மாற்ற வேண்டும். பார்க்க ஒரு ஜன்னல், மாற்ற இன்னொரு ஜன்னல் என்று அலைய விட்டால் நாற்பதாவது பகுதியில் "போதும், எல்லாம் களைப்புதான்" என்று மூடிவைத்துவிடத் தோன்றும். ஆய்வு அந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது என்பது என் கட்சி.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பகுதிக்கு இப்படிக் கொடுக்கும் பெயரை இந்தத் துறையில் எல்லோரும் 'கோட்' என்றுதான் பேசுகிறோம், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் எழுதும்போது வேற்றுமை உருபு சேர்த்தால் 'கோடை' ஆகி வெயில் காலம் வந்துவிடுகிறது. அதனால் இங்கே குறிச்சொல் என்றே எழுதுகிறேன்.

முதலில் எக்செல்லில்தான் ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், பத்து நேர்காணல் வரைக்கும் எக்செல் ஒன்றும் மோசமில்லை. ஒரு வரிசைக்கு ஒரு பகுதி, பக்கத்துக் கட்டத்தில் குறிச்சொல், வடிகட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது. ஆனால் ஒரே வாக்கியத்துக்கு இரண்டு குறிச்சொல் வரும் முதல் தருணத்திலேயே கதை கந்தலாகிவிடும். வரிசையை நகலெடுத்து இரண்டாக்குவீர்கள், அல்லது ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு இரண்டையும் எழுதுவீர்கள், இரண்டுமே பின்னால் வடிகட்டும்போது காலை வாரும். அதைவிடப் பெரிய இழப்பு, வெட்டி ஒட்டிய பகுதிக்கு அக்கம்பக்கம் கிடையாது. "ஆமா, அப்படித்தான்" என்று ஒரு வரிசை இருக்கும். எதற்கு ஆமா? மூலக் கோப்பைத் திறந்து தேடணும்.

அப்புறம் கட்டண மென்பொருள்கள். இவற்றின் பூர்வீகம் கொஞ்சம் சுவாரசியமானது. லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் என்ற தம்பதி ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் 1981இல் ஒரு நிரல் எழுதினார்கள், மனைவி சமூகவியலாளர், கணவர் கணினிக்காரர். அதற்கு அவர்கள் வைத்த சுருக்கப் பெயர் 'நுடிஸ்ட்'. விரித்துச் சொன்னால் எண்ணற்ற, ஒழுங்கில்லாத தரவுகளை அட்டவணைப்படுத்தித் தேடிக் கோட்பாடு உருவாக்குவது என்ற மாதிரி வரும் ('எண்ணற்ற' என்பதை எண்கள் இல்லாத என்று படிக்கவும்). அதன் வழியில்தான் 1999இல் என்விவோ வந்தது. ஜெர்மனியில் 1989இல் இரண்டு வேலைகள் தனித்தனியாகத் தொடங்கின: பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மூர் இருந்த திட்டம் அட்லஸ்.டிஐ ஆனது, உடோ குக்கார்ட்ஸ் எழுதிய 'மேக்ஸ்' இன்றைய மேக்ஸ்க்யூடிஏ ஆனது. அந்த மேக்ஸ், சமூகவியலாளர் மேக்ஸ் வேபர்தான். இப்போது என்விவோவும் அட்லஸ்.டிஐயும் லுமிவெரோ என்ற ஒரே நிறுவனத்தின் கையில். முப்பது வருடம் போட்டி போட்ட இரண்டு கடைகளுக்கு ஒரே முதலாளி.

நியாயமாகச் சொன்னால், நான் மேலே சொன்ன பிரிக்கிற வேலையை இந்த மூன்றும் நன்றாகவே யோசித்திருக்கின்றன. ஒரு குறிச்சொல்லுக்குள் விழுந்ததை மறுபடி படித்து அதற்கு மேல் நுணுக்கமான குறிச்சொல் போடுவதை லின் ரிச்சர்ட்ஸ் தனி ஒரு படியாகவே கற்றுக்கொடுத்தவர். அட்லஸ்.டிஐயில் குறிச்சொல்லைப் பிரிப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. மேக்ஸ்க்யூடிஏவில் பகுதிகளை அட்டவணையாகப் பார்த்தபடியே மாற்றலாம். பல்கலைக்கழகம் உரிமம் வாங்கித் தந்திருந்தால், கூட இருப்பவர்களும் அதையே பயன்படுத்தினால், யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. கட்டண மென்பொருள் ஒன்றில் (எது என்று சொல்லப்போவதில்லை) முந்தைய ஆய்வு ஒன்றை முழுக்கச் செய்து முடித்தேன். உரிமம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து, கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இந்தக் கருப்பொருளுக்கு எதிரான பேச்சு எத்தனை பேரிடம் வந்தது? ரொம்ப நியாயமான கேள்வி. பதில் என் கணினியில்தான் இருந்தது, என் சொந்த உழைப்பு, என் சொந்தக் கோப்பு. திறக்க முடியவில்லை. ஒரே ஒரு எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக மறுபடி சந்தா கட்ட வேண்டும். கட்டினேன், வேறு வழி? வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று அன்றைக்குப் புத்தி வந்தது. 2019இலிருந்து இதற்கென்றே ரெஃபி-க்யூடிஏ என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது, ஒரு கருவியில் செய்ததை அந்த வடிவில் ஏற்றுமதி செய்து இன்னொரு கருவியில் திறக்கலாம், மேலே சொன்ன மூன்றும் அதை ஏற்கின்றன. உரிமம் இருக்கும்போதே ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். செய்யவில்லை. அது என் தப்பு. ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

டாகெட் பற்றி இரண்டு வரி. இலவசம், திறந்த மூலம், உலாவியில் ஓடுகிறது, சொந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள இருபது நிமிடம் கூட ஆகாது: கோப்பை ஏற்று, வரியைத் தேர்ந்தெடு, குறிச்சொல் போடு, அவ்வளவுதான். ஒரே திட்டத்தில் பல பேர் ஒன்றாக உட்கார்ந்து குறிக்கலாம். ஒலி, காணொளி கிடையாது, எழுத்து மட்டும்தான். குறிச்சொற்களுக்குள் அடுக்கு இல்லை, வேண்டுமானால் 'உடல்.அசதி', 'உடல்.வலி' என்று புள்ளி வைத்துப் பெயரிட்டுச் சமாளிக்கலாம். வகுப்பில் சொல்லிக்கொடுக்கவும், பத்துப் பதினைந்து நேர்காணல் உள்ள சின்ன ஆய்வுக்கும் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் நான் படிக்கும்போதே குறிப்பு எழுதுகிற ஆள், அந்தக் குறிப்பு அந்த வரியோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, குவால்கோடர். காலின் கர்டெயின் என்பவர் பைத்தானில் எழுதி, இலவசமாக, திறந்த மூலமாக வெளியிட்டு வளர்த்து வருகிற மென்பொருள். எழுத்து, படம், ஒலி, காணொளி எல்லாவற்றிலும் குறிச்சொல் போடலாம். முதல் தடவை திறந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னப் படப்பொத்தான்கள் வரிசையாக, எது எதற்கு என்று சுட்டியை மேலே வைத்துப் பார்க்க வேண்டும், அழகுக்காக யாரும் மெனக்கெட்ட மாதிரி தெரியாது. கட்டண மென்பொருளிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய கடையிலிருந்து பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆனால் பட்டறையில்தான் வேலை நடக்கிறது, ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

மெமோ, அதாவது குறிப்பு, எழுதுகிற வசதிக்காகவே இதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கோப்புக்கு, குறிச்சொல்லுக்கு, குறிச்ச ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக மெமோ ஒட்டலாம். 'களைப்பு' என்ற குறிச்சொல்லை உருவாக்கிய நாளில் அதன் மெமோவில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: "உடம்பு முடியாமல் போவதைப் பற்றிய பேச்சு." அடுத்த மாதம் அதற்குக் கீழே, "மனசு விட்டுப்போவதும் இதில் சேருமா? இப்போதைக்குச் சேர்க்கிறேன்." ஆக, சந்தேகம் எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறது, நானே எழுதி வைத்துவிட்டு நானே மறந்திருக்கிறேன். அந்த அக்கா சொன்ன பிறகு போய்ப் பார்த்தபோது என் கையெழுத்தே என்னைக் குத்திக்காட்டியது. எக்செல்லில் அந்த வரி எந்தக் கட்டத்தில் காணாமல் போயிருக்குமோ.

பிரிக்கிற வேலைக்கு வருகிறேன். குறிச்சொல்லின் மேல் வலது க்ளிக் செய்தால் அது விழுந்த பகுதிகள் எல்லாம் யாருடைய பேச்சு என்ற தலைப்போடு வரிசையாக வரும், அக்கம்பக்கத்து வரிகளையும் பார்க்கலாம். எழுத்துப்படிக்குள் இருக்கும்போது குறித்த பகுதியின் மேல் வலது க்ளிக் செய்து வேறு குறிச்சொல்லுக்கு மாற்றிவிடலாம். கட்டண மென்பொருள்களின் அட்டவணை அளவுக்கு இது வேகம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு க்ளிக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 163 பகுதிக்கு மூன்று மாலைகள் ஆயின. ஆனால் எழுத்துப்படிக்குள்ளேயே நின்று மாற்றுவதால் மேலும் கீழும் நான்கு வரி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, அது எனக்கு லாபமாகவே முடிந்தது. காவலாளிகள் 'அலுப்பு' என்று சொன்ன இடங்களில் பெரும்பாலும் நின்றுகொண்டே இருப்பதைப் பற்றிப் பேசியிருந்தார்கள். அழைப்பு மையத்தில் இருப்பவர்கள் அதே சொல்லை ஒரே வாக்கியத்தை நூறு தடவை சொல்வதற்குப் பயன்படுத்தியிருந்தார்கள். சொல் ஒன்று, நோவு வேறு. பட்டியலாக மட்டும் பார்த்திருந்தால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருப்பேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என் சொந்த முட்டாள்தனத்திலிருந்து. ஒரு குறிச்சொல்லை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். வகைக்குள் நகர்த்துவதற்கும் இதே இழுத்துப் போடும் சைகைதான். இரவு பதினொன்றரைக்கு, பாடுபட்டுப் பிரித்த 'சலிப்பு' என்பதை ஒரு வகைக்குள் தள்ளுகிறேன் என்று நினைத்து, கை பிசகி 'அசதி'யின் மேல் போட்டேன். சேர்க்கலாமா என்று கேட்டது, நான் படிக்காமல் ஆம் என்றேன். மூன்று மாலை உழைப்பு ஒரு நொடியில் பழையபடி ஒரே டப்பா! முந்தின நாள் திட்டக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து உட்காரும்போது ஒரு நகல், எழும்போது ஒரு நகல்.

நகல் எடுப்பது இவ்வளவு எளிது என்பதே இந்த மென்பொருளின் பெரிய பலம். திட்டம் என்பது வெறும் ஒரு கோப்புறை. உள்ளே உங்கள் ஆவணங்கள், ஒலிகள், படங்கள், அவற்றோடு ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளம் (எல்லாவற்றையும் அட்டவணைகளாக ஒரே கோப்பில் வைக்கும் வகை). அந்தத் தரவுத்தளத்தைக் குவால்கோடர் இல்லாமலே வேறு எந்த எஸ்க்யூலைட் உலாவியிலும் திறக்கலாம். நான் திறந்து பார்த்தேன். குறித்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை: எந்தக் குறிச்சொல், எந்தக் கோப்பு, தேர்ந்தெடுத்த வாசகம், அது தொடங்கும் எழுத்தின் எண், முடியும் எழுத்தின் எண், குறித்தவர் பெயர், தேதி, மெமோ. இவ்வளவுதான் மொத்த ரகசியமும். இத்தனை வருடம் நான் பணம் கட்டிச் செய்த காரியம் "4,118ஆம் எழுத்திலிருந்து 4,206ஆம் எழுத்து வரை சலிப்பு" என்று ஒரு பதிவு. நாளைக்கே இந்த மென்பொருளை எல்லோரும் கைவிட்டாலும் என் தரவு எனக்குப் படிக்கக் கிடைக்கும். ரெஃபி வடிவில் ஏற்றுமதியும் உண்டு. பரிசீலகர் ஏழு மாதம் கழித்துக் கேட்கட்டும், ஏழு வருடம் கழித்துக் கேட்கட்டும்.

அந்த எழுத்து எண்ணைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும்: எழுத்துப்படியை முழுசாகச் சரிபார்த்துவிட்டுத்தான் குறிக்க ஆரம்பிக்க வேண்டும். இடங்களெல்லாம் எழுத்துக் கணக்கில் நிற்பதால், கோப்பை வெளியே எடுத்துத் திருத்தித் திரும்பக் கொண்டுவருவது எந்தக் கருவியிலும் வம்பு.

தமிழ் எழுத்துப்படி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. யூனிகோடில் இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஏறும், அழகாகத் தெரியும். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் நகலெடுத்தாலே குப்பைதான் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வம்பு தேடலில் இருக்கிறது. தூக்கத்தைப் பற்றிய பேச்சையெல்லாம் ஒரேயடியாகப் பிடிக்கலாம் என்று 'தூக்க' என்று கொடுத்து, கிடைத்ததற்கெல்லாம் தானாகக் குறிச்சொல் போடச் சொன்னேன். தூக்கம், தூக்கத்தை, தூக்கமே எல்லாம் வந்தன, நல்லது. கூடவே செவிலியர்கள் நோயாளியைத் 'தூக்கி' உட்கார வைத்த கதைகள் அத்தனையும் 'தூக்கம்' என்ற குறிச்சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. நம் கண்ணுக்கு 'க' வேறு, 'கி' வேறு. கணினிக்குக் 'கி' என்பது 'க' என்ற குறியும் அதன் பின்னால் ஒரு கொக்கியும். அதனால் 'தூக்க' என்று தேடினால் 'தூக்கி'யும் பொருந்தும். 'தூக்கம்' என்று புள்ளி வைத்துத் தேடினாலோ 'தூக்கமே' கிடைக்காது, ஏனென்றால் அங்கே ம்-க்குப் புள்ளி இல்லை. 'தூக்கம' என்று ஒரு தேடல், 'தூக்கத்' என்று ஒரு தேடல், 'தூங்க' என்று ஒரு தேடல், இப்படி மூன்று தனித்தனியாகப் போட்டால்தான் ஓரளவு சரியாக வரும். இது குவால்கோடரின் குறை இல்லை, சொல்லின் பகுதியை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் எந்தத் தேடலும் தமிழில் இப்படித்தான் நடந்துகொள்ளும். தானாகக் குறிக்கும் வசதியைத் தமிழில் பயன்படுத்துகிறவர்கள் விழுந்ததையெல்லாம் ஒருமுறை கண்ணால் பார்க்காமல் எண்ணிக்கையைக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

அடிக்கடி வரும் சொல்லைப் பெரிய எழுத்தில் காட்டும் சொல்மேகம் வரைகிற வசதி இந்த மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் அதைப் போட்டுப் பார்த்தால் நடுவில் பெரிய எழுத்தில் 'வந்து' என்று வரும், அதைச் சுற்றி 'அப்புறம்', 'அது', 'இல்ல'. தூக்கம் என்ற சொல் அதன் ஏழெட்டு உருபுகளோடு ஏழெட்டுச் சின்னச் சொற்களாகச் சிதறி ஓரத்தில் கிடக்கும். விளக்கக்காட்சிப் படங்களுக்கு நடுவில் ஒரு வண்ணம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரும் கூடச் சேர்ந்து குறிக்கிற ஆய்வு என்றால் இருவர் குறித்ததை ஒப்பிட்டுக் காட்டும் அறிக்கை குவால்கோடரில் உண்டு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கிற, ஜேக்கப் கோயன் 1960இல் கொடுத்த கப்பா என்ற அளவையும் சேர்த்தே தருகிறது. எனக்கு நண்பர் ஒருவர் ஐந்து நேர்காணல்களைக் குறித்துக் கொடுத்தார். சதவீதத்தைப் பார்த்தபோது தொண்ணூறுக்கு மேலே ஒத்துப்போகிறோம் என்று காட்டியது, சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், நாங்கள் இருவருமே எதுவும் குறிக்காமல் விட்ட நீண்ட நீண்ட பகுதிகளும் அந்த ஒற்றுமையில் சேர்த்தி. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் இருவரும் ஒற்றுமை, நல்ல வீட்டுக்காரர்கள் மாதிரி! கப்பா அந்தக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறது, ஆனால் கணக்கு எழுத்தளவில் நடப்பதால், அவர் முழு வாக்கியத்தையும் குறித்து நான் பாதியோடு நிறுத்திய இடங்கள் எல்லாம் கருத்து வேறுபாடாகவே எண்ணப்படும். எண் என்ன வந்தது என்பதைவிட எங்கே வேறுபட்டோம் என்று அருகருகே உட்கார்ந்து பார்த்ததுதான் பயன் தந்தது. விர்ஜினியா பிரௌன், விக்டோரியா கிளார்க் இருவரின் வழியில் கருப்பொருள் பகுப்பாய்வு செய்கிறவர்களுக்கு இந்த எண் தேவையே இல்லை, அவர்கள் இருவரும் தங்கள் முறைக்கு இது ஒவ்வாது என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஆனால் கேட்கிற பரிசீலகர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஒலிப் பதிவை எழுத்தாக்கும் வேலையையும் இதற்குள்ளேயே செய்யலாம், ஒலி, காணொளியை ஓட்டும் விஎல்சி மென்பொருள் நிறுவியிருக்க வேண்டும், ஒலி ஓடும்போதே பக்கத்தில் தட்டச்சு செய்து நேர முத்திரை போட்டுக்கொண்டு போகலாம். நான் சோம்பேறித்தனத்தில் முதலில் ஒரு தானியங்கிக் கருவியிடம் கொடுத்தேன் (அதன் பெயரும் வேண்டாம்). தெளிவாகப் பேசியவர்களுக்குப் பரவாயில்லை. ஒரு காவலாளி, தன் அப்பா இறந்த இரவும் தான் பணியில் இருந்ததைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பதிவில் அந்த மௌனம் 22 நொடி. எழுத்துப்படியில் அந்த இடத்தில் நன்றி சொல்லி முடிக்கிற மாதிரி ஒரு வாக்கியம் முளைத்திருந்தது, யாரும் சொல்லாதது. பதிவை மறுபடி கேட்டிருக்காவிட்டால் அவர் நன்றி சொன்னதாகவே எழுதியிருப்பேன். இப்போது தானியங்கியில் போட்டாலும் முழுப் பதிவையும் ஒருமுறை காதில் மாட்டிக்கொண்டு கேட்டுத் திருத்துகிறேன், மௌனத்துக்கு நொடிக் கணக்கு எழுதுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு வசதிகள் இப்போது பெரிய கடைகளில் வந்துவிட்டன, குவால்கோடரின் புதிய பதிப்புகளிலும் உண்டு, வேண்டாம் என்றால் அணைத்து வைக்கலாம். நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். எதிர்ப்பு ஒன்றும் இல்லை, பேசியவர்களிடம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் "உங்கள் பேச்சு என் கணினியை விட்டு வெளியே போகாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். நானே கற்பனையாக எழுதிய ஒரு நேர்காணலை வைத்து வேறொரு கருவியில் சோதித்துப் பார்த்தபோது 'பணிச்சுமை', 'மன அழுத்தம்', 'வேலை வாழ்க்கைச் சமநிலை' என்று குறிச்சொற்களை அடுக்கியது. தப்பு என்று எதையும் சொல்ல முடியாது. அலுப்பையும் சலிப்பையும் அது மன அழுத்தத்தில் சேர்த்திருந்தது. நான் 'களைப்பு' டப்பாவில் போட்டேன், அது இன்னும் பெரிய டப்பாவில் போட்டது.

யாருக்கு இது சரிவராது என்றும் சொல்ல வேண்டும். ஐந்தாறு பேர் வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் குறிக்கிற குழு என்றால் குவால்கோடர் வேண்டாம், கோப்புகளை மாற்றி மாற்றி அனுப்பிச் சேர்ப்பது நரகம். டாகெட் அல்லது இணையத்தில் ஓடும் கட்டணக் கருவி பாருங்கள். கணினியில் எதையாவது நிறுவுவதற்கே பயப்படுகிறவர்கள் முதல் நாள் கூட யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் தொலைபேசியில் கூப்பிட ஒரு உதவி மையம் கிடையாது, திட்டத்தின் பக்கத்தில் கேள்வி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், எழுதியவரே பதில் சொல்லும் வாய்ப்பும் உண்டு. தனியாக ஆய்வு செய்கிறவர், சந்தா கட்ட வழியில்லாதவர், எழுத்தோடு ஒலியும் படமும் வைத்திருப்பவர், நிறைய மெமோ எழுதுகிறவர், இவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஐந்துக்கு நான்கு. அந்த இழுத்துப் போட்டுச் சேர்க்கிற சைகைக்காக ஒன்றைக் குறைத்தேன், அதில் என் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

'களைப்பு' இப்போது காலி. அசதிக்கு 71, சலிப்புக்கு 48, சோர்வுக்கு 33. மீதி 11 பகுதிகளை எதில் போடுவதென்று தெரியாமல் 'தெரியவில்லை' என்று ஒரு குறிச்சொல் உருவாக்கி அதில் வைத்திருக்கிறேன். அந்த அக்காவை மறுபடி பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன், பகல் பணிக்கு மாறியதும் கூப்பிடுகிறேன் என்றார்.